வஹாக்காவில் ஜோடியாகத் தங்க: அறை, சாப்பாடு, சந்தை (இப்போ அங்கதான் இருக்கோம், கேளுங்க)

#1 வழிப்போக்கன்77

பொது மெக்சிகோ இழையில எழுதினா காணாமப் போயிடுதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க, அதனால தனியா ஆரம்பிக்கிறேன். நானும் வீட்டம்மாவும் முதுகுப்பையோட தெற்கு மெக்சிகோவுல வஹாக்கா நகரத்துல இருக்கோம். மெக்சிகோ சிட்டி டாப்போ பஸ் நிலையத்துல ராத்திரி ஏறினா ஆறரை, ஏழு மணி நேரம். விடிகாலையில இறங்கி, பையை மாட்டிக்கிட்டு நடந்தே ஊர் நடுவுக்கு வந்துட்டோம். அவ்ளோ பக்கம்.

கிளம்பும்போது போட்ட திட்டம் வேற. புவெப்லா, வஹாக்கா, சான் கிறிஸ்தோபல், மெரிதான்னு ஓடிக்கிட்டே இருக்கிறதா இருந்துச்சு. இங்க வந்ததும் அம்மணி "இனிமே நான் பை கட்ட மாட்டேன்"னு சொல்லிட்டா. மத்த ஊரெல்லாம் ரத்து. ஜோடியா வர்றவங்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஊர் மாத்துற ஒவ்வொரு நாளும் பஸ், அறை, "சாவி எங்க, சார்ஜர் எங்க"ன்னு பாதி நாள் சண்டையிலயே போயிடும். ஒரே இடத்துல இருந்தா சண்டை போட வேற விஷயம் தேடணும்.

அறை: ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு ரெண்டு படுக்கை எடுத்தா 600 பெசோ சுத்தி ஆகுது. அதே ஹாஸ்டல்ல பொதுக் குளியலறையோட தனி அறை 750. ஜோடிக்கு டார்ம் (பொது அறையில படுக்கை) எடுக்கிறதுல அர்த்தமே இல்ல. பார்க்க வேண்டியது சமையலறை. அடுப்பும் ஒரு நல்ல வாணலியும் இருந்தா செலவு பாதியாயிடும். குடிக்க 20 லிட்டர் கேன் வச்சிருப்பாங்க, குழாய்த் தண்ணி வாயில வைக்காதீங்க. டாய்லெட் பேப்பரைக் கூடையிலதான் போடணும், உள்ள போட்டா அடைச்சுக்கும், அப்புறம் காலையில மொத்த ஹாஸ்டலும் உங்களையே பார்க்கும்.

ஊர் 1,550 மீட்டர் உயரத்துல இருக்கு. பகல்ல வெயில், ராத்திரி ஸ்வெட்டர். கட்டம் போட்ட மாதிரி தெருக்கள், பெரும்பாலும் ஒரு மாடி, ரெண்டு மாடிதான். நிலநடுக்க ஊருங்கிறதால ஸ்பானியர் காலத்துலயே கட்டடத்தைக் குட்டையா, சுவரைத் தடிமனாக் கட்டிட்டாங்க. கல்லு உள்ளூர்ப் பச்சைக் கல். மழை பெஞ்சு நனைஞ்சாத்தான் அந்தப் பச்சை முழுசாத் தெரியும். பழைய நகரத்தையும், பக்கத்து மலை மேல இருக்கிற பழங்கால இடிபாடான மோன்தே அல்பானையும் சேர்த்து 1987ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க.

கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

#2 ரயில்பூச்சி

விசா? இந்தியப் பாஸ்போர்ட். அப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு எவ்ளோ ஆகுது, ஒளிக்காமச் சொல்லுங்க.

#3 வழிப்போக்கன்77

செல்லுபடியாகுற அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோ விசா தனியா வேண்டாம். கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாவுக்கும் அப்படியே. எதுவும் இல்லைன்னா தூதரகத்துல எடுக்கணும். எத்தனை நாள் தங்கலாம்னு உள்ள நுழையும்போது அதிகாரிதான் முடிவு பண்ணுவார், உச்சம் 180 நாள். கேக்காமலே எல்லாருக்கும் 180 போட மாட்டாங்க. திரும்பிப் போற டிக்கெட்டைக் கையில வச்சுக்கங்க.

செலவு: அறையோட சேர்த்து 1,300ல இருந்து 1,500 பெசோ. ஒரு பெசோவுக்குச் சுமார் அஞ்சு ரூபாய் போட்டுக்கங்க. மதியம் ‘கொமீதா கொர்ரீதா’ன்னு அளவுச் சாப்பாடு உண்டு. சூப், சோறு, ஒரு முக்கிய பதார்த்தம், பழத்தண்ணி எல்லாம் சேர்த்து சந்தைப் பக்கம் 90, 100 பெசோ. அதை மதியம் ரெண்டு மணிக்கு மேல சாப்பிட்டா ராத்திரிக்குப் பழமே போதும். சாந்தோ தோமிங்கோ கோயிலைச் சுத்தின மாடி உணவகங்கள்ல உக்காந்தா இந்தக் கணக்கெல்லாம் காத்துல போயிடும்.

#4 ஆவாரம்பூ

நாங்க சைவம், முட்டைகூடக் கிடையாது. வெட்டுக்கிளி தின்கிற ஊர்ல எங்களுக்கு என்ன கிடைக்கும்? பழமும் பிரட்டும்னு சொல்லிடாதீங்க.

#5 தட்டாம்பூச்சி

வணக்கம், #1ல வர்ற "அம்மணி" நான்தான். இவர் எழுதுறதைப் பார்த்துட்டுப் புதுசா கணக்குத் தொடங்கினேன். பை கட்ட மாட்டேன்னு சொன்னது வாஸ்தவம். அதுக்கு முன்னாடி ரெண்டு பையையும் கட்டினது யாருங்கிறதையும் எழுதியிருக்கலாம்.

ஆவாரம்பூ, நானும் சைவம், பால் உண்டு. இவர் எல்லாம் சாப்பிடுவார். அதனால இந்தக் கேள்விக்கு இவரைக் கேக்காதீங்க.

இங்க மறைஞ்சு இருக்கிற எதிரி கறி இல்ல, பன்றிக் கொழுப்பு. பீன்ஸ் மசியல்ல போடுவாங்க, த்லாயூதாங்கிற பெரிய சோள ரொட்டி மேல ‘அசியென்தோ’ன்னு பழுப்பா தடவுவாங்க. மோலே குழம்பைக் கோழித் தண்ணியிலதான் கரைப்பாங்க. கேட்டா "கறி இல்லம்மா"ன்னு சிரிச்ச முகமா சொல்லுவாங்க, அவங்க கணக்குல அது பொய் இல்ல. அதனால "சின் கார்னே" (கறி வேண்டாம்)னு மட்டும் சொன்னா பத்தாது. "சின் மன்தேகா, சின் அசியென்தோ, சின் கால்தோ தே போயோ". கொழுப்பு, அசியென்தோ, கோழித் தண்ணி, மூணும் வேண்டாம். இதை எழுதியே வச்சுக்கங்க.

நான் சாப்பிடுறது: கெஸியோன்னு நூல்நூலாப் பிரியுற பாலாடைக் கட்டி, பூசணிப்பூ வச்சு மடிச்ச சோள ரொட்டி கெசதியா, பீன்ஸ் வச்சு முக்கோணமா மடிச்ச தேதேலா (கொழுப்பு இல்லாத கடை ஒண்ணு தேடிப் பிடிச்சேன்), காலையில தண்ணியில கரைச்ச சாக்லேட். பாலையே தொடாம, மரத்துல செஞ்ச மத்தை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல உருட்டி நுரை வரக் கடைஞ்சு குடுப்பாங்க. கூட வர்ற ‘பான் தே யேமா’ல முட்டை இருக்கு, உங்களுக்கு ஆகாது.

தேஹாத்தே கட்டாயம் குடிங்க. சோளம், கக்காவோங்கிற கோகோ கொட்டை, மமேய் பழக்கொட்டை, ஒரு காட்டுப்பூ எல்லாம் அம்மியில அரைச்சு, பெரிய மண்சட்டியில கைவிட்டே கலக்குவாங்க. அந்தம்மா முழங்கை வரைக்கும் உள்ள விட்டுச் சுழட்டி, தண்ணியை உயரத்துல இருந்து ஊத்த ஊத்த மேல வெள்ளையா ஒரு நுரை திரண்டு வரும். பார்க்க அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கும். குடிச்சா விட மாட்டீங்க. மெத்தேட்டேன்னு அவங்க சொல்ற அம்மிக்கு மூணு கால் உண்டு, சரிவா நிக்குது. முட்டி போட்டு அரைக்கிறாங்க.

இன்னொண்ணு, காலையில ஆறரைக்குத் தெருவுல நின்னு பாருங்க. பக்கெட்டுல ஊறின சோளத்தைத் தூக்கிக்கிட்டுப் பெண்கள் மில்லுக்குப் போவாங்க. முந்தின நாள் சுண்ணாம்பு போட்டு வேகவச்சு ஊறவிட்ட சோளம். அந்த ஈர மாவு வாசனைக்காகவே நான் சீக்கிரம் எந்திரிக்கிறேன், இவர் எட்டு மணி வரைக்கும் தூங்குவார். ஜோடியாத் தங்குறதுல எனக்குப் பிடிச்சதே அந்த ஒண்ணரை மணி நேரம்தான்.

#6 கோண்டாவில் பெடியன்

தங்கச்சி சரியாச் சொல்லியிருக்கிறா. நானும் மனுசியும் ரொறன்ரோவிலை இருந்து போனனாங்கள், இறந்தோர் நாளுக்கு. ஒக்ரோபர் 31 தொடங்கி நவம்பர் 2 மட்டும். அந்த நேரத்திலை அறை விலையைக் கேட்டால் நெஞ்சு நோகும், மாசக் கணக்கிலை முன்னமே பதிஞ்சிருக்க வேணும். ஜூலைக் கடைசித் திங்கக்கிழமைகளிலை வாற கெலகெட்சா விழாவும் அப்படித்தான்.

ஆனால் ஒண்டு. சுடலையிலை இரவிரவாகச் செவ்வந்திப்பூவும் மெழுகுதிரியுமாகச் சனம் குந்தியிருக்கேக்கை, கமராவோடை கல்லறைக்கு மேலாலை ஏறித் திரிஞ்ச வெளிநாட்டுச் சனத்தைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனுசி "வா போவம், இது எங்கடை வீட்டுச் செத்தவீடு இல்லை" எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திட்டா. அமைதியாப் பார்க்க விருப்பம் எண்டால் வேறை மாதத்திலை போங்கோ. மாசியிலை வெயில் காஞ்சு நல்லாயிருக்கும், மழையும் இல்லை.

உறைப்பு விசயம்: மோலே நெக்ரோ உறைக்காது. சில்வாக்லே எண்ட கறுப்பு மிளகாயைக் கருக்க வறுத்து, எள்ளு, கறுவா, கராம்பு, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் போட்டு ஒரு நாள் முழுக்கக் காய்ச்சினம். மிளகாய் வறுக்கிற புகையிலை இருமி இருமி நிண்டனான், ஆனால் வாயிலை வைச்சால் இனிப்பும் கசப்பும்தான். எங்கடை ஆக்கள் ஏமாந்து போவினம்.

#7 நெல்லைச்சீமை

எல்லாம் சரி அண்ணாச்சி. தின்கறதத் தவிர அந்த ஊருல அப்படி என்னதான் இருக்கு? கோயிலு, சதுக்கம், சந்தை, திரும்பக் கோயிலு. நாலு நாளைக்கு மேல போரடிக்காதா?

#8 வழிப்போக்கன்77

சாந்தோ தோமிங்கோ கோயிலுக்குள்ள போய் நேரா பீடத்தைப் பார்த்துட்டு வெளிய வந்துடாதீங்க. வாசலைத் தாண்டின உடனே நின்னு அண்ணாந்து பாருங்க. பாடகர் மாடத்தோட அடிக்கூரையில கொடி கொடியாப் படர்ந்து, ஒவ்வொரு கிளையிலயும் ஒரு ஆள் மார்பளவு சிலையா முளைச்சிருப்பார். புனித தோமிங்கோவோட குடும்ப மரம், தங்க இலையும் வண்ணமுமா. எல்லாரும் அதுக்குக் கீழயே நடந்து போறாங்க, மேல பார்க்கிறதில்ல.

பக்கத்து மடம் 19ஆம் நூற்றாண்டுல படை முகாமாச்சு, 1990கள் வரைக்கும் பட்டாளம் இருந்துச்சு. இப்ப அருங்காட்சியகம். மோன்தே அல்பான்ல 1932ல அல்ஃபோன்சோ காசோ தோண்டின ஏழாம் கல்லறைப் பொருளெல்லாம் இங்கதான் இருக்கு. கல்லறையைக் கட்டினது சபோதெக்குகள்ங்கிற பூர்வகுடிகள், பல நூற்றாண்டு கழிச்சு அதையே திறந்து தங்கத்தோட தங்கள் ஆளை வச்சது இன்னொரு பூர்வகுடியான மிஸ்தெக்குகள். தங்கத்தை விட எனக்குப் பிடிச்சது ஜாகுவார் எலும்புல பொடிப் பொடியாச் செதுக்கின எழுத்து. கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சாத்தான் தெரியும்.

மடத்துக்குப் பின்னாடி இருந்த பெரிய காலி இடத்துல ஓட்டலும் கார் நிறுத்தமும் கட்டத் திட்டம் போட்டாங்க. ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தொலேதோவும் கூட இருந்தவங்களும் போராடி அதைத் தாவரத் தோட்டமா மாத்தினாங்க. உள்ள வழிகாட்டியோடதான் விடுவாங்க. 2002ல நடுச்சதுக்கத்துல மெக்டொனால்ட்ஸ் வரப் பார்த்தப்ப, அதே தொலேதோ தெருவுல எல்லாருக்கும் இலவசமா தமால் (இலையில சுத்தி வேகவச்ச சோளமாவுப் பலகாரம்) குடுத்துப் போராட்டம் நடத்தினார். கடை வரல. 2019ல இறந்துட்டார். கோயிலுக்கு எதிரே அவர் ஆரம்பிச்ச வரைகலை நிறுவனத்துல ஓவியப் புத்தக நூலகம் இருக்கு. மழை மதியத்துல அங்க போய் உக்காந்துடுவோம்.

மோன்தே அல்பான் காலையில திறக்கிறப்பவே போங்க, நிழல் சுத்தமா கிடையாது. வேன் மீனா தெருவுல இருந்து கிளம்பும். பள்ளத்தாக்குல இருந்து 400 மீட்டர் மேல, மலை உச்சியையே சமப்படுத்திக் கட்டின நகரம். கிமு 500 வாக்குல ஆரம்பிச்சது. ‘நடனக்காரர்’னு பேர் வச்ச கற்களை நல்லாப் பாருங்க, கண்ணு மூடி உடம்பு முறுக்கிக் கிடக்குது. அது கொல்லப்பட்ட கைதிகள்னுதான் இப்ப பல ஆய்வாளர்கள் சொல்றாங்க.

நெல்லைச்சீமை, இன்னும் போரடிச்சா ஊருக்கு வெளிய தூலே மரம். சுத்தளவு 40 மீட்டருக்கு மேல.

#9 சைதாப்பேட்டை சித்தப்பு

தம்பி, சாயத்தைப் பத்தி யாரும் பேசலியே! அந்தத் தங்கமெல்லாம் கோயில்ல ஏற பூச்சியும் ஒரு காரணம். சப்பாத்திக் கள்ளி மேல வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த கொச்சினீல் பூச்சி. நசுக்கினா ரத்தச் சிவப்பு. ஒரு பவுண்டு சாயத்துக்கு 70,000 பூச்சி காயவைக்கணும்பாங்க. ஸ்பானிய மெக்சிகோவோட ஏற்றுமதியில வெள்ளிக்கு அடுத்து இதுதான், விளைஞ்சது வஹாக்கா பக்கம். அது விதையா பூச்சியான்னே ஐரோப்பாவுல ரொம்ப நாள் அடிச்சுக்கிட்டாங்க. 1777ல ஒரு பிரெஞ்சுக்காரர் வஹாக்கா வரைக்கும் போய்த் திருட்டுத்தனமாக் கள்ளியோட கடத்திட்டார்.

இதுல நம்ம ஏரியாவும் உண்டு. 1780கள் கடைசியில கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டார், இதே பூச்சியை வளர்த்து ஸ்பெயினுக்குப் போட்டியா நிக்கலாம்னு. நல்ல பூச்சி கிடைக்கல. 1795ல பிரேசில்ல இருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது மட்டமான காட்டு வகை, சாயமும் மட்டம். வந்த பூச்சி கள்ளியைத் தின்னு தீர்த்ததுதான் மிச்சம். அது தொடாத இன்னொரு கள்ளி வகை தமிழ்நாடு பூரா பரவி, 1920கள்ல இலங்கையில இருந்து வேற பூச்சி கொண்டுவந்துதான் அடக்கினாங்க. பக்கத்துல தெயோதித்லான்ங்கிற நெசவுக் கிராமத்துக்குப் போனீங்கன்னா நெசவுக்காரங்க வீட்ல பூச்சியைக் காட்டுவாங்க, கேட்டுப் பாருங்க.

#10 தட்டாம்பூச்சி

போயிட்டு வந்தோம் சித்தப்பு! என் உள்ளங்கையில நாலு காஞ்ச பூச்சியை வச்சு அந்த அக்கா கட்டை விரலால தேய்ச்சாங்க, கருஞ்சிவப்பு. எலுமிச்சை ஒரு சொட்டு விட்டதும் ஆரஞ்சு. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டதும் ஊதா. எல்லாம் ஒரே கையில. சாயங்காலம் வரைக்கும் போகல. ஒரு சின்ன விரிப்பு வாங்கினேன். பேரம் பேசல, இவருக்குக் கோபம்.

#11 குறுக்குச்சால்

நல்ல இழை. ஆனால் எல்லோரும் வசதியாக ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். அந்த ஊரின் பழைய குடியிருப்புகள் இன்று யாருக்காக இருக்கின்றன? ஹலத்லாக்கோவில் சுவரோவியமும் கல் பாவிய தெருவும் அழகுதான். அங்கே வீடுகள் ஒவ்வொன்றாக நாள்வாடகைக்கு மாறி, இருந்தவர்கள் விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் இதை எதிர்த்து ஊர்வலமே நடந்தது, கைதும் நடந்தது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பல குடியிருப்புகளுக்குக் குழாயில் வாரக்கணக்கில் வருவதில்லை, லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். பயணியின் அறையில் மட்டும் ஷவர் நிற்பதில்லை. "ஒரே ஊரில் நீண்ட நாள் தங்குங்கள்" என்ற அறிவுரைதான் இதை வேகப்படுத்துகிறது.

#12 வழிப்போக்கன்77

ஊர்வலம், தண்ணி ரெண்டும் உண்மை. எங்க தெருவுலயே காலையில தண்ணி லாரி நிக்குது, குழாயைப் பிடிச்சு மாடித் தொட்டிக்கு ஏத்துறாங்க. ஆனா முடிவு எனக்கு ஒத்துக்கல. நாங்க தங்கியிருக்கிறது ஹாஸ்டல் அறை, யார் வீட்டையும் பிடுங்கல. ரெண்டு ராத்திரி வந்து நாலு டூர் அடிச்சுட்டுப் போறவங்களை விட, தினமும் ஒரே அம்மாகிட்ட தக்காளி வாங்குறவன் ஊருக்கு என்ன கெடுதல் பண்ணிடப் போறான்?

#13 குறுக்குச்சால்

தக்காளி அம்மாவின் வாடகையும் ஏறுகிறதே. உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. முழு வீட்டை மாதக்கணக்கில் எடுத்து, டாலர் சம்பளத்தில் கணினி தட்டுகிறவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த வித்தியாசத்தை #1இல் எழுதியிருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். "வீட்டு வாடகைத் தளத்தில் முழு வீடு எடுக்காதீர்கள்" என்று ஒரு வரி போதும்.

#14 தட்டாம்பூச்சி

குறுக்குச்சால் சொல்றது எனக்குச் சரியாப் படுது, இவர் கோவிச்சுக்கட்டும். எங்க ஹாஸ்டல்ல காலையில சுத்தம் பண்ண வர்ற பொண்ணு பஸ்ல ஒரு மணி நேரம் வர்றா. முன்னாடி அவங்க குடும்பம் நடுவூர்லதான் இருந்துச்சாம். வாடகை ஏற ஏற ரெண்டு தடவை தள்ளித் தள்ளிப் போயிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்துதான் நான் விரிப்புக்குப் பேரம் பேசல. அது பெரிய பரிகாரம்னு சொல்ல வரல. குளியலை மூணு நிமிஷத்துல முடிக்கிறோம். இவர் அஞ்சு.

#15 மட்டுறுத்துநர்

நாள்வாடகை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, மேலும் பேச அங்கே வாருங்கள். #11 முதல் #14 வரை இங்கேயே இருக்கட்டும்.

#16 கோண்டாவில் பெடியன்

ஒண்டை விட்டிட்டன். வைகாசி, ஆனியிலை போறவை ஆசிரியர் சங்கப் போராட்டத்தை எதிர்பார்க்க வேணும். வருசா வருசம் நடுச்சதுக்கத்திலை கூடாரம் அடிச்சுக் குந்துவினம், சில நாள் பாதையும் மறிப்பினம். 2006இலை அது பெரிய கலவரமாப் போய் மாதக்கணக்கிலை நகரமே முடங்கினது. இப்ப அப்படிப் பயமில்லை, ஆனால் விமானத்துக்குப் போற நாள் நேரத்துக்கு வெளிக்கிடுங்கோ.

#17 ரயில்பூச்சி

டிக்கெட் போட்டாச்சு, பிப்ரவரி! ஞாயித்துக்கிழமை த்லாக்கோலூலா சந்தைக்கு எப்படிப் போறது? இயெர்வே எல் அகுவாவையும் அதே நாள்ல பார்த்துடலாமா? அங்கிருந்து புவெர்தோ எஸ்கோந்தீதோ கடலுக்குப் போகவும் ஆசை.

#18 வழிப்போக்கன்77

ஒரே நாள்ல வேண்டாம். த்லாக்கோலூலாவுக்கு பேஸ்பால் மைதானம் பக்கத்துல மித்லா பஸ் வரும், இல்லைன்னா ஷேர் டாக்ஸி. முன் சீட்ல டிரைவரோட இன்னும் ரெண்டு பேரை ஏத்துவாங்க, நடுவுல மாட்டிக்காதீங்க. பத்து மணிக்குள்ள போங்க. பூப்போட்ட ஏப்ரனும் ரிப்பன் பின்னின சடையுமா சுத்துப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் எல்லாம் வந்திருப்பாங்க. உயிர் வான்கோழியைக் காலைக் கட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டே விலை பேசுவாங்க. முகத்துக்கு நேரா போட்டோ எடுக்காதீங்க, கேட்டா பல பேர் வேண்டாம்பாங்க. செவ்வாய்க்குப் போனா அங்க இந்தப் பெரிய சந்தை இருக்காது. வியாழன் சாச்சீலா, வெள்ளி ஒகோத்லான், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை.

இயெர்வே எல் அகுவா வேற ஒரு நாள், வாரநாளாப் பார்த்து. மித்லாவுல இறங்கினா பின்னாடி பெஞ்சு போட்ட வண்டி நிக்கும், ஆள் சேர்ந்ததும் கிளம்பும். கல்லா உறைஞ்ச அருவின்னு சொல்றாங்களே, அது தாது கலந்த ஊத்துத் தண்ணி வழிஞ்சு வழிஞ்சு சுண்ணாம்பாப் படிஞ்சது. பேர் ‘தண்ணி கொதிக்குது’ன்னு இருந்தாலும் குளத்துத் தண்ணி சில்லுனு இருக்கும். கிராமத்துல நிலத் தகராறு வந்து முன்னாடி மூடி வச்சிருந்தாங்க, அதனால கிளம்புற முன்னாடி ஹாஸ்டல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

கடலுக்கு 2024 பிப்ரவரியில புது நெடுஞ்சாலை திறந்தாச்சு, வேன்ல மூணு மணி நேரம் சுத்தி. முன்னாடி மலையில ஆறு, ஏழு மணி நேரம் சுத்தி வளைஞ்சு போகணும். மழைக்காலத்துல மண்சரிவு உண்டு, பிப்ரவரியில பிரச்சினை இல்ல.

#19 ரயில்பூச்சி

நிலநடுக்கம்னு பயமுறுத்தினீங்களே, அதுக்கு என்ன செய்யணும்?

#20 தட்டாம்பூச்சி

ஊர்ல ஒலிபெருக்கி சைரன் இருக்கு. தூரத்துல ஆடினா அலை இங்க வர்றதுக்குள்ள கொஞ்ச விநாடி கிடைக்கும். அறைக்குப் போன உடனே வாசல் எந்தப் பக்கம், முற்றம் எந்தப் பக்கம்னு பார்த்து வச்சுக்கங்க. செருப்பும் பாஸ்போர்ட்டும் கட்டில் ஓரத்துல இருக்கட்டும். சைரன் கேட்டா உள்ளூர்க்காரங்க எங்க போறாங்களோ அங்க போங்க. கடலுக்குப் புது ரோட்டுல போனாலும் வாந்தி மாத்திரை வாங்கிக்கங்க, மலை இன்னும் மலையாத்தான் இருக்கு. ஃபார்மசியில ‘திரமமீனா’ன்னு கேட்டா குடுப்பாங்க.